பிடித்தம் போக

ஏனுங் தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா? பஸ் ஓடறதுல காத்து மூஞ்சியிலயே அடிக்குது. ஆச்சுங்க, அது போதும். நீங்களும் கோயமுத்தூர்தானுங்களா? கழுத்துல அட்டை தொங்குது, கம்பெனி வேலையா? அப்ப மாசச் சம்பளம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம். உங்களுக்கு வருமான வரி பிடிக்கறாங்களா? சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே?

பிடிக்கறாங்களா. எவ்வளவுன்னு கேக்க மாட்டேன், அது மரியாதை இல்லை. ஆனா எப்படிக் கணக்குப் போட்டுப் பிடிக்கறாங்கன்னு தெரியுமுங்களா? பாருங்க, சிரிக்கறீங்க. சம்பளம் வாங்கற யாருக்கும் தெரியறதில்லைங்க. நான் ஒரு நாளும் சம்பளம் வாங்கினவன் இல்லை, எனக்குத் தெரியும்.

சொல்றேன் கேளுங்க. ஏப்ரல்ல கம்பெனிக்காரங்க உங்களுக்கு வருசம் பூரா எவ்வளவு சம்பளம் வரும்னு ஒரு மதிப்புப் போடுவாங்க. அதுக்கு வரி எவ்வளவுன்னு பார்ப்பாங்க. அதை மாசத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் பிடிச்சு, உங்க பான் நம்பர்ல கவர்மெண்டுக்குக் கட்டிடுவாங்க. வரிக்குப் பழைய முறை, புது முறைன்னு ரெண்டு இருக்குது, பழைய முறையில இருந்தீங்கன்னா இன்சூரன்ஸ் ரசீது, வாடகை ரசீது எல்லாம் காட்டி அதைக் குறைச்சுக்கலாம். காட்டாம விட்டா வருசக் கடைசியில மூணு மாசச் சம்பளத்துல சேர்த்து இழுத்துக்குவாங்க. கூடப் பிடிச்சிருந்தா ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கலாம். இவ்வளவுதானுங்க விசயம். இதைக் கத்துக்க எனக்கு ஒரு வருசம் ஆச்சு. கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம், சொல்லுங்க.

என்ற பேரு குழந்தைவேலு. பவானிப் பக்கம். என்ற சம்சாரம் கோகிலவாணி ஒரு பால் கம்பெனியில வேலை பார்க்கறா. டேங்கர்ல வர்ற பாலை எடுத்து லேப்ல சோதிச்சு, இவ கையெழுத்துப் போட்டாத்தான் வண்டியை உள்ள விடுவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே அந்த வேலைதான். வேலையில கெட்டிங்க. ஆனா காசு விசயத்துல ஒண்ணும் தெரியாது, பாவம். அதனால ஆரம்பத்துலயே அவ ஏடிஎம் கார்டை நான் வாங்கி வச்சுக்கிட்டேன். தொலைச்சுப்போடுவான்னுதான். பேங்க் மெசேஜும் என்ற போனுக்குத்தான் வரும். அவளுக்கு எதுக்குங்க அந்தத் தலைவலியெல்லாம்? திங்கக்கிழமை ஆச்சுன்னா வாரச் செலவுக்கு நானே எடுத்துக் கையில கொடுத்துடுவேன். கொடுக்காம இருந்ததே இல்லை. சில வாரம் அவளாக் கேட்டு வாங்கியிருக்கா. அது நான் மறந்திருப்பேன்.

நான் சும்மா உக்காந்திருந்தவன்னு நினைச்சுக்காதீங்க. தறி போட்டேன், நூல் விலை ஏறிப் போச்சு. செல்போன் கடை வச்சேன், எதுத்தாப்புலயே இன்னொருத்தன் வச்சான். ஈமு கோழி வளர்த்தேன். அதுல இந்தப் பக்கம் எல்லாரும்தான் காசை விட்டாங்க, என்னை மட்டும் சொல்ல முடியாது. அப்புறம் மூலிகை சோப்பு ஏஜென்சி. நல்ல சோப்புங்க. இன்னும் பெட்டி பெட்டியா மாடியில இருக்குது. எதுக்கும் கோகிலா ஒரு வார்த்தை சொன்னதில்லை. நகையைக் கேட்டேன், கழட்டிக் கொடுத்தா. ஒரே ஒரு தடவை, புள்ளை காதுல கிடந்ததைக் கேட்டப்பத்தான், அது மட்டும் வேண்டாமுங்கன்னா. நானும் சரின்னு விட்டுட்டேன். அப்புறமாத்தான் வாங்கினேன்.

புள்ளை பேரு தாரணி. ஒரே புள்ளை. பிளஸ் டூவுல நல்ல மார்க்கு. பிசியோதெரபி படிக்கோணும்னா. அந்த வருசம்தான் சோப்புக்கு முன்பணம் கட்டியிருந்தேன். ஒரு வருசம் பொறுத்துக்கோ கண்ணுன்னு சொன்னேன். புரிஞ்சுக்கிட்டா. ஜவுளிக்கடையில பில் போடற வேலைக்குப் போனா. அடுத்த வருசமும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அதுவும் ஒரு அனுபவம்தானுங்களே. எங்கிட்ட ஒரு நாளும் அதைப் பத்திப் பேசினதில்லை. பேச்சே குறைஞ்சு போச்சு அவளுக்கு. வேலைக்குப் போனா களைப்பு இருக்குமில்லீங்களா.

அப்பத்தான் இந்த வரி வந்துச்சு.

ஒரு மாசம் சம்பளம் ஏறின மெசேஜைப் பார்த்தா, தொகை குறையுது. கொஞ்சநஞ்சமில்லை. பேங்குல ஏதோ தப்புன்னு நினைச்சு, சாயங்காலம் அவ வந்ததும் கேட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. நிமிரலை. இந்த வருசத்துல இருந்து வரி பிடிக்கறாங்கன்னா. எதுக்கு இவ்வளவுன்னேன். சம்பளம் ஏறிப்போச்சு, அதனாலன்னா. நான் நம்பாம இருப்பேனுங்களா? கவர்மெண்டு பிடிக்கறேன்னா யாரு தடுக்க முடியும்?

செலவைக் குறைச்சோம். அவ ஸ்கூட்டியை வித்துட்டேன். கம்பெனி வண்டிதான் மெயின் ரோட்டு வரைக்கும் வருதே, அங்க வரைக்கும் நடந்தா உடம்புக்கு நல்லது. என்ற செலவுல குறைக்க ஒண்ணும் இல்லைங்க. பேக்கரிக்குப் போயி நாலு பேரைப் பார்த்தாத்தான் தொழில் பேச முடியும். அதையும் நிறுத்திட்டா குடும்பம் எப்படி மேல வரும்?

மழைக்காலத்துக்கு முன்னாடி அவளுக்கு இன்கிரிமெண்ட் போட்டாங்க. இனிமேல் சரியாயிடும்னு இருந்தேன். அந்த மாசம் இன்னும் குறைச்சலா வந்துச்சு. என்ன புள்ள இதுன்னேன். சம்பளம் ஏறினா வரியும் ஏறுமுங்கன்னா. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. அந்தச் சமயத்துலதான் நானும் என்ற சிநேகிதன் பொன்னுரங்கமும் பழைய கார் வாங்கி விக்கறதுக்கு இடம் பார்த்து வச்சிருந்தோம். என்ற பங்கை அடுத்த மாசம் தர்றேன், அடுத்த மாசம் தர்றேன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில அவன் வேற ஆளைச் சேர்த்துக்கிட்டான். அந்தக் கடை வழியாத்தான் தினமும் போகோணும். வரிசையா கார் நிக்கும். வரி மட்டும் பிடிக்காம இருந்திருந்தா அதுல என்ற பேரும் இருந்திருக்கும். அந்த வலி உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க.

அப்புறம்தான் உக்காந்து கத்துக்கிட்டேன். பேக்கரியில ஒரு வாத்தியார் வருவார், அவரைக் கேட்டேன். போன்ல வீடியோ வீடியோவாப் பார்த்தேன். பழைய முறை, புது முறை, கழிவு, எல்லாம். எந்த ரசீதைக் காட்டினா வரி குறையும்னு ஒண்ணு விடாமத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வரிசையா எழுதி, ஆபீஸ்ல கொடுன்னு அவ கையில கொடுத்தேன். வாங்கி ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டா. கொடுத்தியான்னு கேட்டா, கொடுத்துட்டேன்னா. மாசம் பொறந்தா அதே குறைச்சல். மறுபடி கேட்டேன். எங்களையெல்லாம் புது முறையில சேர்த்துட்டாங்க, அதுல இந்த ரசீது செல்லாதுன்னா. நான் போய் வீடியோவுல பார்த்தேன். அவ சொன்னது சரிங்க! எனக்குப் பெருமையாப் போச்சு. வீட்டுல பேச்சுக்குப் பேச்சு நான் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் ஏறியிருக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆனாலும் மனசு கேக்கலை. பொங்கல் கழிச்சு ஆடிட்டர் நஞ்சப்பனைப் போய்ப் பார்த்தேன். தறி ஓட்டினப்ப எனக்குக் கணக்குப் பார்த்தவர். அவ சம்பளத்தைச் சொன்னேன், பிடிக்கறதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழ வச்சுட்டார். குழந்தைவேலு, புது முறையில இந்தச் சம்பளத்துக்கு வரியே வராதுங்களேன்னார். நல்லாப் பாருங்கன்னேன். பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லை, வராதுன்னார். அப்படியே பிடிச்சிருந்தா அவங்க பான் நம்பர்ல வரவு இருக்கும், உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்க, அவங்களை வச்சுக்கிட்டே பார்த்துடலாம்னார்.

நான் கூட்டிட்டுப் போகலை. எதுக்குப் போகோணும்? எனக்குத்தான் அங்கயே விளங்கிப்போச்சே. வரின்னு சொல்லிக் கம்பெனிக்காரன் எடுத்துக்கறான். வாயில்லாத பொம்பளை, கேக்க மாட்டாள்னு எடுக்கறான். இத்தனை வருசம் அவ ஒழைச்ச காசு. அவகிட்டச் சொன்னா வேண்டாமுங்கம்பா, பயந்தவ. அதனால சொல்லாம, அடுத்த நாளே வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கிட்டு நேரா கம்பெனிக்கே போயிட்டேன்.

அங்க கணக்குப் பார்க்கறவர் சங்கமேஸ்வரன்னு ஒருத்தர். மெதுவாப் பேசற மனுசன். உக்காருங்கண்ணான்னு நாற்காலி போட்டார். நான் உக்காரலை. என்ற சம்சாரம் சம்பளத்துல வரின்னு பிடிக்கறீங்களே, அதை எங்க கட்டியிருக்கீங்க, காட்டுங்கன்னேன். அவர் என்னையே பார்த்தார். சம்பள விவரத்தை அவங்ககிட்டத்தான் சொல்ல முடியுமுங்கண்ணான்னார். எனக்குக் குரல் ஏறிப்போச்சு. ரூம்ல ஒரு பத்துப் பேரு இருந்திருப்பாங்க, எல்லாரும் வேலையை விட்டுட்டுப் பார்க்கறாங்க. ஆடிட்டர் சொல்லிட்டாரு, போலீசுக்குப் போவேன், பேப்பர்ல போடுவேன், அது இதுன்னு என்னென்னமோ சொன்னேன். அவர் போனை எடுத்து, மேடத்தைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கன்னார்.

மேடம்னு யாரோ பெரிய அதிகாரி வருவாங்கன்னு பார்த்தா, கோகிலா வர்றா. வெள்ளைக் கோட்டு, தலையில துணித் தொப்பி. அவளை அந்தக் கோலத்துல நான் பார்த்ததே இல்லைங்க. அவ உள்ள வந்ததும் ரெண்டு பசங்க எந்திரிச்சு நின்னாங்க. என்னைப் பார்த்தா. எதுக்கு வந்தீங்கன்னு கூடக் கேக்கலை. சங்கமேஸ்வரனைப் பார்த்து, காட்டிடுங்க சார்ன்னா.

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வருமான வரிங்கற இடத்துல சைபர். எல்லா மாசமும் சைபர். அதுக்கு மேல பி.எஃப். அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு பி.எஃப்., பெரிய தொகை. எல்லாருக்கும் பிடிக்கறது போக, நாமா விருப்பப்பட்டு இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கன்னு எழுதிக் கொடுத்தா அப்படிப் பிடிப்பாங்களாம். இதை யாரு பிடிக்கச் சொன்னதுன்னேன்.

"வரி இல்லைங்க," அப்படின்னா கோகிலா. "நான்தான் பிடிக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"உங்க கைக்கு வந்துட்டா நிக்காதுங்க. வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சாத்தான் நிக்கும்."

கோவமாச் சொல்லலைங்க தம்பி. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். இந்தப் பால்ல தண்ணி கலந்திருக்குது, திருப்பி அனுப்புங்கன்னு டிரைவர்கிட்டச் சொல்ற மாதிரி சொன்னா. சொல்லிட்டு, டேங்கர் நிக்குது சார், நான் போகட்டுங்களான்னு அவர்கிட்டக் கேட்டுக்கிட்டுப் போயிட்டா. எங்கிட்டக் கேக்கலை. சங்கமேஸ்வரன் டீ சொல்லட்டுங்களாண்ணான்னார். நான் வெளிய வந்து, பஸ்சுக்குக் கூட நிக்காம நடந்தே வந்தேன்.

வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். இது அவளா யோசிச்சுப் பண்ணின காரியம் இல்லைங்க. அவளுக்கு அவ்வளவு விவரம் கிடையாது. அந்தச் சங்கமேஸ்வரன் சொல்லிக் கொடுத்திருக்கோணும். இல்லைன்னா லேப்ல இருக்கற சின்னப் புள்ளைங்க. இப்ப எல்லாம் பொம்பளைங்களை யாராவது பயமுறுத்திடறாங்க, எதிர்காலம் அது இதுன்னு. அவ கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். பி.எஃப்.ல போடற காசுக்கு என்ன வட்டி வருது? அதையே கார் தொழில்ல போட்டிருந்தா எங்கயோ போயிருக்கலாம். பொன்னுரங்கத்தைப் பாருங்க, இப்ப வீடு கட்டறான்.

சண்டை போடலைங்க. அன்னைக்குச் சாயங்காலம் அவ வந்து எப்பவும் போல சோறாக்கினா, நான் எப்பவும் போல சாப்பிட்டேன். புள்ளையும் கூட உக்காந்து சாப்பிட்டா. கை கழுவினதுக்கு அப்புறம், சரி புள்ள, நடந்தது நடந்து போச்சு, அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துடுன்னேன். நடுவுல கூட்டிக்கலாம், நிறுத்தறது ஏப்ரல்லதான் முடியுமுங்கன்னா. சரின்னேன். விதின்னு ஒண்ணு இருந்தா அதுக்குக் கட்டுப்பட்டுத்தானே ஆகோணும். ஏப்ரல் வரைக்கும் நான் ஒரு வார்த்தை கேக்கலை. அவ்வளவு பொறுமையா இருந்தேன்.

ஏப்ரல் முடிஞ்சு சம்பள நாள் வந்துச்சு. மெசேஜ் வரலை. ரெண்டு மூணு நாள் பார்த்தேன். பேங்குக்குப் போனேன். கணக்குல ஏதோ சில்லறைதான் கிடக்குது, சம்பளம் ஏறலைன்னாங்க. என்னடான்னு வீட்டுக்கு வந்தா, அவ கட்டில் மேல துணியெல்லாம் அடுக்கிக்கிட்டு இருக்கா. சம்பளம் இப்ப வேற பேங்குல ஏறுதாம். அதோட கோயமுத்தூர்ல இருக்கற பிளாண்டுக்கு அவளை மாத்திட்டாங்களாம். புள்ளைக்கு அங்கயே பிசியோதெரபி காலேஜ்ல இடம் சொல்லி வச்சிருக்குதாம். பி.எஃப்.ல படிப்புக்குன்னு கேட்டா கொடுப்பாங்களாம், அதை வாங்கி ஃபீஸ் கட்டிக்கலாமாம். எல்லாத்தையும் துணியை மடிச்சுக்கிட்டே சொல்றா.

எனக்குப் புள்ளை படிக்கறதுல சந்தோசம்தானுங்க. எந்த அப்பனுக்குச் சந்தோசமா இருக்காது? ஆனா இந்த மாத்தல்தான் எனக்குப் பொறுக்கலை. "என்னைக் கேக்காம எப்படி மாத்துவாங்க?" அப்படின்னேன்.

"நான் கேட்டேனுங்க," அப்படின்னா. "மாத்தினாங்க."

புள்ளைக்காகக் கேட்டிருக்கா. தாய் மனசு. நான் தப்பா எடுத்துக்கலை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏத்தி விட்டேன். புள்ளை ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தா. போயிட்டு வர்றேன்ப்பான்னு சொன்னா. இல்லீங்க, போறேன்ப்பான்னுதான் சொன்னான்னு நினைக்கறேன். பஸ் சத்தத்துல சரியாக் காதுல விழலை.

இப்ப எட்டொம்பது மாசமாச்சு. மாசாமாசம் என்ற கணக்குக்குப் பணம் அனுப்பறா. தவறினதே இல்லைங்க, அதை நான் சொல்லியாகோணும். அரிசி பருப்புக்கு, கரண்டுக்கு, பேக்கரிக்கு, இழுத்துப் பிடிச்சா சரியா இருக்குது. கொஞ்சம் கூட்டி அனுப்பக் கூடாதான்னு போன்ல கேட்டேன். அவ்வளவுதானுங்க முடியும்னா. மொத்தச் சம்பளம் எவ்வளவு, எதுக்கு எவ்வளவு போகுதுன்னு எனக்குத் தெரியாது. கேட்டா சொல்றதில்லை. பிடித்தம் போக எனக்கு வர்றது அதுதான். நான் யாருகிட்டப் போய்க் கேக்க முடியும்? சம்பள விவரத்தை அவங்ககிட்டத்தான் சொல்லுவோம்னு சொல்லிடுவாங்க.

பொங்கலுக்காவது வருவாங்கன்னு இருந்தேன். புள்ளைக்குப் பரீட்சைன்னா. மாத்தல் எத்தனை வருசத்துக்குன்னு கேட்டேன். இன்னும் தெரியலைன்னா. கவர்மெண்டு வேலையா இருந்தா இத்தனை வருசம்னு கணக்கு இருக்கும். தனியார்ல அப்படி இல்லையே. நீங்க கம்பெனியில இருக்கறவரு, உங்களுக்குத் தெரியும். மாத்தினா திரும்ப விடறதுக்கு எத்தனை வருசம் ஆகும்? தெரியாதா. சரிங்க.

போன வாரம் அவளாவே கூப்பிட்டா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. எப்பவும் நான்தான் கூப்பிடறது. சில சாமான் வேணும், கொண்டு வர முடியுமுங்களான்னா. அதுதான் இந்தப் பையி. மேல வைக்கலாம்னா கனம், அதான் மடியிலயே வச்சுக்கிட்டேன். அவ டிகிரி சர்டிபிகேட்டு, புள்ளையோட பிறப்புச் சர்டிபிகேட்டு, குக்கரு, கல்யாணத்துக்கு அவ அம்மா வீட்டுல கொடுத்த குத்துவிளக்கு, புள்ளை சின்னதுல எடுத்த போட்டோ. குத்துவிளக்கு எதுக்குன்னு நானும் யோசிச்சேன். விளக்கு வைக்கறதுக்குத்தானே. இருக்கற வரைக்கும் அங்கயும் ஒரு விளக்கு வேணுமில்லீங்களா. அலமாரியில அவளோட சாமான்னு இப்ப ஒண்ணும் இல்லை. நல்லா இடமாக் கிடக்குது.

எந்நேரம் வர்றீங்கன்னு கேட்டா. மத்தியானம்னேன். அப்ப நான் டியூட்டியில இருப்பேன், புள்ளை காலேஜுக்குப் போயிருப்பா, கீழ் வீட்டம்மாகிட்டக் கொடுத்துட்டுப் போயிடுங்க, அவங்க வாங்கி வச்சுக்குவாங்கன்னா. பரவாயில்லை கோகிலா, எனக்கு ஒரு சோலியும் இல்லை, சாயங்காலம் நீ வர்ற வரைக்கும் கீழயே உக்காந்திருக்கறேன், பார்த்துட்டு வர்றேன்னு சொன்னேன்.

அதுக்கு அவ ஒண்ணும் சொல்லலைங்க. அலோ அலோன்னேன். போன்ல சத்தமே இல்லை. ரொம்ப நேரம் காதுலயே வச்சுக்கிட்டு நின்னேன். அந்த லேப்புக்குள்ள டவர் கிடைக்காதுங்க தம்பி. அதுதான் கட்டாயிருக்கும்.